ஸ்பான்சர் பிடித்துத் தரும் ஆப், குமரி மாவட்டத்தில் இருந்து பார்த்தால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு இரண்டரை. அந்த இரண்டரையும் ஆப்பின் இலவசப் பகுதிக்குத்தான், மாதச் சந்தா கட்டிச் சேரும் பிரீமியத்துக்கு ஒன்று கொடுத்தாலே அதிகம். "ஆயிரம் ஃபாலோயர் இருந்தால் போதும், பிராண்டு உங்களைத் தேடி வரும்" என்று ரீல்ஸுக்கு நடுவில் விளம்பரம் ஓடுகிறதே, அந்த வகை ஆப்களில் ஒன்றைப் பற்றித்தான் இது. பெயரைப் போடவில்லை. என்னுடைய பேமெண்ட் ஒன்று இன்னும் அங்கே தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது ஒரு காரணம். இதே வேலையைச் செய்யும் மற்ற ஆப்கள் சிலவற்றையும் திறந்து பார்த்துவிட்டேன், நிறம்தான் வேறு, உள்ளே எல்லாம் ஒன்றுதான் என்பது இன்னொரு காரணம். எனவே நீங்கள் எதில் சேர்ந்தாலும் கீழே சொல்வதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

நான் தக்கலைக்காரி. ஃபாலோயர் பத்தாயிரத்துக்குள். மாவட்டத்துக்குள்ளேயே சுற்றி எடுக்கிற ஆள். மாத்தூர் தொட்டிப்பாலம், சிதறால் மலை, முட்டம் பக்கம் மீன் ஏலம், மார்த்தாண்டத்தில் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் கிடைக்கிற சின்னக் கடைகள், இப்படி. வீடியோவில் பேசுவது ஊர்ப் பேச்சு. அதனாலேயே கமெண்டில் மலையாளத்திலும் ஆள் வரும், "சேச்சி, ஸ்தலம் எவிடே" (அக்கா, இடம் எங்கே) என்று.

ஆப்பில் சேருவது எளிது. இன்ஸ்டாகிராமை புரொஃபஷனல் கணக்காக மாற்றி அனுமதி கொடுத்தால், நம் ரீச் (வீடியோ எத்தனை பேரைச் சென்றடைகிறது), பார்க்கிறவர்களின் வயது, ஊர் எல்லாவற்றையும் அதுவே எடுத்து ஒரு பக்கமாக அடுக்கித் தருகிறது. இதுதான் நான் மனதாரப் பாராட்டும் ஒரே விஷயம். மீடியா கிட் என்று, அதாவது பிராண்டுகளிடம் காட்ட நம்மைப் பற்றிய விவரத் தாள் ஒன்றை, தனியாக உட்கார்ந்து செய்யத் தேவையில்லை, அந்தப் பக்கத்தை பிடிஎஃப் ஆக்கி யாருக்கும் அனுப்பலாம், இலவசம். அப்புறம் கேம்பெய்ன், அதாவது பிராண்டுகள் தரும் விளம்பர வேலைகளின் பட்டியல் வரும், விண்ணப்பிக்க வேண்டும், பிராண்டு நம்மைத் தேர்ந்தெடுத்தால் பொருள் கூரியரில் வரும், வீடியோவின் டிராஃப்டை ஏற்ற வேண்டும், அவர்கள் சரி என்றால் போஸ்ட் போட்டு லிங்கைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் பார்ட்டர். பணம் கிடையாது, பொருள் மட்டும். ஷாம்பு, லிப் பாம், புரோட்டீன் பவுடர், ஃபோன் கவர். பணம் உள்ள கேம்பெய்ன்கள் மேலே பூட்டுப் படத்தோடு நிற்கும், பிரீமியம் வாங்கினால் பூட்டு திறக்கும். வாங்கினேன், திறந்தது. உள்ளே போனால் பாதிக்கு மேல் 'குறைந்தது 25,000 ஃபாலோயர்' அல்லது 'சென்னை, கோவை மட்டும்' என்று போட்டிருக்கிறது. இந்த நிபந்தனையைப் பூட்டுக்கு வெளியிலேயே காட்டினால் யார் சந்தா கட்டுவார்கள்? அதுதான் காட்டவில்லை.

எனக்குக் கிடைத்த முதல் காசு கேம்பெய்ன் ஒரு ஃபேஸ் வாஷ். ரீல் ஒன்றுக்கு 800 ரூபாய். பிரீஃப் என்று, வீடியோ எப்படி இருக்க வேண்டும் என்று பிராண்டு சொல்லும் ஒரு பிடிஎஃப் வந்தது, அதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பது அந்த ஒன்றரைப் பக்கத்துக்குள் இருக்கிறது. முதல் மூன்று வினாடிக்குள் ட்யூப் தெரிய வேண்டும். பின்னால் வெளிர் நிறச் சுவர். கோவில், சர்ச், பள்ளிவாசல், கட்சிக்கொடி எதுவும் ஃப்ரேமில் வரக்கூடாது. குளியலறைக் கண்ணாடி என்றால் சுத்தமாக இருக்க வேண்டும், பின்னால் வேறு சோப்பு தெரியக்கூடாது. 'நியூட்ரல் தமிழ்' பேச வேண்டும். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்து அனுப்பினால், பின்னணியில் ஒலிபெருக்கி கேட்கிறது என்று டிராஃப்ட் திரும்பி வந்தது. அது பக்கத்துத் தெரு குருசடியில் (சிறிய கிறிஸ்தவ வழிபாட்டிடம்) திருவிழா அறிவிப்பு. குமரி மாவட்டத்தில் மைக் செட் சத்தம் இல்லாத ஒரு சாயங்காலத்தைக் கண்டுபிடித்து ரீல் எடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்று டிராஃப்டைத் திருப்பி அனுப்பிய பிராண்டு மேனேஜருக்குத் தெரிய நியாயம் இல்லை. மறுபடியும் எடுத்தேன். இந்த முறை அவரிடமிருந்து ஃபோன் வந்தது. "மேம், ஸ்லாங் கொஞ்சம் குறைச்சிடுங்க, அப்புறம் தக்கலை வெயில்னு சொல்றீங்கல்ல, அந்த லைனை மட்டும் எடுத்துடுங்க."

அந்த வரியையும் எடுத்தபின் வீடியோவில் என்ன மிச்சம் என்று பார்த்தேன். ஒரு சுவர், ஒரு ட்யூப், ஒரு முகம். என் ஃபாலோயர்கள் எதற்காக என்னைப் பின்தொடர்கிறார்களோ அதில் ஒன்று கூட இல்லை. அதைப் போட்டபோது ரீச்சும் விழுந்தது. பிராண்டோ கவலைப்படவே இல்லை, "சூப்பர் மேம், அப்ரூவ்டு" என்று விட்டார்கள். ஏன் கவலைப்படவில்லை என்பது பிறகுதான் கோவையில் இருக்கும் சிநேகிதி ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியதில் தெளிவானது. அவளுடைய ஃபீடில் என் முகம், மேலே 'ஸ்பான்சர்டு', கீழே 'இப்போதே வாங்குங்கள்' பட்டன்.

ஆக, இந்த ஆப் நம்மிடம் வாங்குவது நம் ஃபாலோயர்களை அல்ல. மலிவு விலையில் விளம்பரப் படம். ஒரு மாடல், ஒரு கேமரா ஆள், ஒரு இடம், எடிட்டிங் எல்லாம் சேர்த்து 800 ரூபாய்க்கு எந்த ஊரில் கிடைக்கும்? என்னைப் போல ஐம்பது பேரிடம் எடுத்து வாங்கி, அதில் நன்றாக ஓடுகிற இரண்டை விளம்பரமாகத் தள்ளுகிறார்கள். இதில் தப்பு எதுவும் இல்லை, அவர்களுக்கு அது நல்ல வியாபாரம். ஆனால் ஆப்பின் முகப்பில் 'உங்கள் ரசிகர்களைப் பணமாக்குங்கள்' என்று போட்டிருப்பதற்கும் உள்ளே நடப்பதற்கும் சம்பந்தம் இல்லை என்பதுதான் என் முதல் குறை.

ஒப்பந்தத்தில் இது எழுதியே இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் படித்தேன், இந்தத் தொகைக்கு என்ன நடக்கிறது பார்ப்போம் என்றுதான் போனேன். 'எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், காலவரம்பின்றி' என்று ஒரு வரி. சரி, அந்த வரி இல்லாவிட்டால் தப்பித்தோமா என்றால் அதுவும் இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவைப் பாருங்கள்: ஒருவர் கேட்டு, அதற்குப் பிரதிபலன் கொடுத்து எடுக்கப்படும் புகைப்படத்துக்கும் வீடியோ படத்துக்கும், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். வீடியோ எடுத்தது நாம், முகம் நம்முடையது, உரிமை அவர்களுக்கு. எனவே பேசாமல் இருப்பதுதான் நமக்கு நஷ்டம். 'உரிமை எடுத்தவருடையது, இன்ஸ்டாகிராமில் மட்டும், மூன்று மாதம் பயன்படுத்தலாம், அதற்கு மேல் தனி விலை' என்று ஒரு வரியை நான் இப்போது எல்லா ஒப்பந்தத்திலும் கேட்கிறேன். இந்த ஆப்பில் அப்படித் திருத்தச் சொல்ல ஒரு வசதியும் கிடையாது. 'ஏற்கிறேன்' பட்டன் ஒன்றுதான். மேனேஜருக்கு மெயில் போட்டால் சிலர் ஒத்துக்கொள்கிறார்கள், பலர் பதிலே போடுவதில்லை.

அடுத்தது, இது விளம்பரம் என்று வீடியோவிலேயே வெளிப்படையாகச் சொல்கிற விஷயம். பிரீஃபில் 'ஹேஷ்டேக் கடைசியில் போடவும், வீடியோவில் லேபிள் வேண்டாம்' என்று எழுதியிருந்தது. இது அப்பட்டமாகத் தப்பு. இந்திய விளம்பரத் தரக் கவுன்சில், அதாவது ஆஸ்கி, 2021 ஜூன் முதல் நடைமுறையில் வைத்திருக்கும் விதிப்படி 'இது விளம்பரம்' என்று காட்டும் லேபிள் உடனே கண்ணில் படுகிற இடத்தில் இருக்க வேண்டும். 15 வினாடி வரையுள்ள வீடியோ என்றால் குறைந்தது 3 வினாடி, அதற்கு மேல் 2 நிமிடத்துக்குள் என்றால் வீடியோவின் மூன்றில் ஒரு பங்கு நேரம். ஒரு நிமிட ரீலுக்கு 20 வினாடி. காசே வாங்காமல் வெறும் ஷாம்பு பாட்டில் வாங்கினாலும் லேபிள் உண்டு, ஓசியில் தங்கிய ஹோம்ஸ்டேவுக்கும் உண்டு. மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது, வீடியோ எந்த மொழியோ அந்த மொழியில் போடச் சொல்கிறது. தமிழில் பேசினால் 'விளம்பரம்' என்று போட்டுவிட்டுப் போகலாம். மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று முடிவானால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அபராதம் 10 லட்சம் வரை, மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. அது பொருளைப் பரிந்துரைக்கும் ஆளுக்கும் பொருந்தும். 800 ரூபாய்க்கு எடுக்கிற ரிஸ்க்கா இது? நான் லேபிள் போட்டுத்தான் ஏற்றினேன், மேனேஜர் முனகினார், ஆனால் நிராகரிக்கவில்லை.

இன்னும் மோசமான வகை ஒன்று பட்டியலில் உண்டு. பொருளை நம் காசில் ஆன்லைனில் வாங்கி, ஐந்து நட்சத்திர ரிவ்யூ எழுதி, ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் காசைத் திருப்பித் தருவார்களாம். கைக்காசைப் போட்டு முதலில் பொய் சொல்ல வேண்டும், அப்புறம் அந்தக் காசுக்காக அவர்கள் பின்னாலேயே அலைய வேண்டும். இதை ஒரு ஆப் தன் பட்டியலில் அனுமதிக்கிறது என்பதற்கே அரை நட்சத்திரம் குறைத்தேன். ஆப்பில் நம் நம்பர் போனதும் டெலிகிராமில் இருந்து 'கொலாப் டெபாசிட் கட்டுங்கள்', அதாவது பிராண்டோடு சேர முன்பணம் கட்டுங்கள் என்று மெசேஜ் வர ஆரம்பித்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று நிரூபிக்க என்னால் முடியாது, ஆனால் யாராவது ஸ்பான்சர் தர நம்மிடமே பணம் கேட்டால் அது ஏமாற்று, அவ்வளவுதான். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள். முன்பெல்லாம் ரம்மி, பெட்டிங் ஆப்காரர்கள்தான் சின்ன கிரியேட்டருக்குக் கூடத் தாராளமாகக் காசு கொடுப்பவர்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டை விளம்பரம் செய்தாலே இரண்டு வருடம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம் என்கிறது. ஆகையால் வேறு பெயரில் 'ஃபேன்டசி', 'பிரெடிக்‌ஷன்' என்று இன்ஸ்டாகிராமில் மெசேஜ் வந்தால் பிளாக் செய்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

பணம் வரும் கதை. 'போஸ்ட் போட்டு 45 நாளில்' என்று போட்டிருந்தார்கள். முதல் தொகை வந்தது, தாமதமாக, வரி பிடித்தம் போக. இரண்டாவதுக்கு 'பிராண்டிடம் இருந்து எங்களுக்கு வரவில்லை' என்று பதில். அது உங்களுக்கும் பிராண்டுக்கும் உள்ள கணக்கு, எனக்கு ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்டால் சாட்டில் இருப்பது ஆள் இல்லை, ரோபோ. இந்த இடத்தில் உபயோகமான ஒரு விஷயம்: உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. ஆதார், பான் இருந்தால் ஆன்லைனில் இலவசமாகவே செய்யலாம். 2006 சிறு குறு தொழில் சட்டப்படி பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கென்று மத்திய அரசு வைத்திருக்கும் ஆன்லைன் தளத்தில் புகார் கொடுக்கலாம். நான் புகார் வரை போகவில்லை, இன்வாய்ஸின் அடியில் உத்யம் எண்ணைப் போட ஆரம்பித்தேன். மற்ற இடங்களில் அதற்கே மரியாதை கூடுகிறது. இந்த ஆப்பில் இன்வாய்ஸ் நாம் போட முடியாது, அவர்களே போட்டுக்கொள்வார்கள்.

வரி பற்றி ஒரு வார்த்தை மட்டும். ஓசிப் பொருள்தானே என்று நினைக்க வேண்டாம். 2022 ஜூலை 1 முதல் உள்ள விதிப்படி ஒரே இடத்தில் இருந்து ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளோ தங்குமிடமோ வந்தால் கொடுப்பவர் 10 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். ஃபோன் போன்றவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்கில் வராது. பார்ட்டரில் லிப் பாம் வாங்குகிறவர்களுக்கு இது கவலையில்லை.

சரி, பெரிய குறைக்கு வருகிறேன். இந்த ஆப்புக்கு எங்கள் மாவட்டம் புரியவே இல்லை. என் பார்வையாளர்களில் நாகர்கோவிலுக்கு அடுத்து திருவனந்தபுரம் வருகிறது, அப்புறம் துபாய், அபுதாபி, ரியாத். வீட்டுக்கு ஒருவர் கல்ஃபில் இருக்கும் ஊரில் இது இயற்கை. ஆப் இவர்களை 'இலக்குக்கு வெளியே' என்று சிவப்பில் காட்டி என் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. கேம்பெய்ன் காலண்டரிலும் அதே கதை. தீபாவளிக்கு முன்னால் பட்டியல் நிரம்பி வழிகிறது. இங்கே கடைக்காரர்கள் காசை இறைப்பது ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும். மாவட்டத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் கிறிஸ்தவர்கள், டிசம்பர் பிறந்தால் ஸ்டார், குடில், கேக், துணி என்று நாகர்கோவில் கடைத்தெருவில் கால் வைக்க இடமிருக்காது. ஓணத்துக்குத் தோவாளைப் பூவும் சிப்ஸும் எல்லை தாண்டிப் போகும். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் கன்னியாகுமரியில் வந்து குவிவார்கள், ஹோட்டல்காரர்களுக்கு அதுதான் சீசன். இந்த மூன்று சீசனிலும் ஆப்பில் எங்கள் பக்கத்துக்கு ஒரு கேம்பெய்ன் கூட நான் பார்க்கவில்லை.

அதே ஆப் தந்த பிடிஎஃப்பைத் தூக்கிக்கொண்டு நேரே கடைகளுக்குப் போனதில்தான் எனக்கு வழி கிடைத்தது. வடசேரிப் பக்கம் ஒரு சிப்ஸ் கடை. அங்கே அண்ணாச்சி ஏத்தங்காயை (நேந்திரங்காய்) சீவுகிற கட்டையைத் தேங்காயெண்ணெய்ச் சட்டிக்கு மேலேயே பிடித்து, வில்லைகள் நேராக எண்ணெயில் விழும்படி சரசரவென்று சீவுவார். வேகிற பக்குவத்தில் மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீரை ஒரு கரண்டி ஊற்றுவார், அப்போது எழுகிற இரைச்சல் இருக்கிறதே, அதற்குப் பின்னணி இசை தேவையே இல்லை. பிடிஎஃப்பைக் காட்டினேன். ரீச், எங்கேஜ்மென்ட் எதையும் அவர் பார்க்கவில்லை. "ஏ பிள்ளே, இதப் பாத்துட்டு எத்தன பேரு கடைக்கு வருவாவ?" என்றார். நல்ல கேள்வி, எந்த பிராண்டு மேனேஜரும் என்னிடம் கேட்காத கேள்வி. ரீலில் பார்த்தேன் என்று சொல்லி வருகிறவர்களுக்குச் சர்க்கரை உப்பேரி ஒரு சின்னப் பாக்கெட் சும்மா கொடுப்பது, எத்தனை பாக்கெட் போனது என்று நோட்டில் கோடு போட்டுக்கொள்வது என்று பேசினோம். எடுக்கும் முன் பாக்கெட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. மேலே 'விளம்பரம்' என்று போட்டேன். பணம் அன்று சாயங்காலமே ஜிபேயில் வந்தது, ஆப் தந்ததைவிட நாலு மடங்குக்கு மேல். ஓணத்துக்கு முன்னால் அண்ணாச்சி தானாகவே கூப்பிட்டார். கடைக்கு வந்த கூட்டத்தைவிட அவருக்கு ஆச்சரியம், அபுதாபியில் இருந்து ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டு தக்கலையில் இருக்கும் அம்மா வீட்டுக்கு இரண்டு கிலோ அனுப்பச் சொன்னதுதான். ஆப் சிவப்பில் காட்டிய அதே ஆட்கள்.

நேரடியாகப் போவதில் தொல்லை இல்லாமல் இல்லை. "சும்மா ஒண்ணு போடு மக்ளே, ஒனக்கும் ரீச் கிடைக்கும்லா" என்பவர்கள்தான் அதிகம். முதலாளியின் மருமகன் வீடியோவில் வசனம் பேசியே தீருவேன் என்று நிற்பார். எழுதி வாங்க வேண்டும் என்றால் முகம் மாறும், அதனால் நான் வாட்ஸ்அப்பிலேயே தொகை, எத்தனை வீடியோ, எத்தனை நாள் வைத்திருப்பேன் என்று அனுப்பி "சரி" என்று பதில் வாங்கிக்கொள்கிறேன். சாப்பாடு நன்றாக இல்லாத கடையில் காசு வாங்குவதில்லை. ஒரே மாவட்டம், நாளைக்குப் பேருந்தில் பார்க்கிற ஆட்கள்தான் என் ஃபாலோயர், அவர்களிடம் "கொள்ளாம்" (நல்லா இருக்கு) என்று பொய் சொல்லிவிட்டு வெளியே தலைகாட்ட முடியாது.

யாருக்கு இந்த ஆப் சரிப்படும் என்றால், முகம் காட்டி, சுத்தமான சுவருக்கு முன்னால், ஊர் தெரியாத தமிழில் பேசி, நல்ல வெளிச்சத்தில் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு. ஃபாலோயர் முந்நூறு பேர் இருந்தாலும் அவர்களுக்கு வேலை கிடைக்கும், ஏனென்றால் வாங்குவது படத்தைத்தான். அப்படிச் சேருகிறவர்கள் அதை விளம்பரப் படம் எடுக்கும் வேலையாகவே நினைத்து, பயன்படுத்தும் உரிமைக்குத் தனி விலை கேளுங்கள். ஊரை வைத்து வீடியோ போடுகிறவர்கள், குளச்சலில் மீன், திற்பரப்பில் அருவி என்று சுற்றுகிறவர்கள் இலவசப் பகுதியில் சேர்ந்து அந்த பிடிஎஃப்பை மட்டும் இறக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகலாம்.

பிரீமியத்தை ஏற்கெனவே வாங்கியவர்கள் ஒன்று கவனியுங்கள். ஆப்பில் 'சந்தாவை ரத்து செய்' அழுத்தினாலும் ஆட்டோபே, அதாவது மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பது, ஓடிக்கொண்டே இருக்கிறது, எனக்கு அடுத்த மாதமும் பணம் போனது. ஜிபேயோ ஃபோன்பேயோ எதில் போட்டீர்களோ அதில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த மேண்டேட்டை (பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதியை) நீங்களே ரத்து செய்யுங்கள், உடனே நின்றுவிடும். அந்த ஒரு மாதத் தொகையைக் கேட்டு நான் போட்ட டிக்கெட் இன்னும் 'பரிசீலனையில்' என்றே காட்டுகிறது.